கம்பளிச் செருப்பு அருங்காட்சியகம்

செக் நாட்டில் எங்கள் போஹிமியாவில் ஷூ போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைபவனை மனிதனாகவே சேர்த்துக்கொள்ள மாட்டோம். வாசலில் கழற்ற வேண்டும். விருந்தாளிகளுக்கென்று அடுக்கி வைத்திருக்கும் கம்பளிச் செருப்பில் ஒரு ஜோடியை மாட்டிக்கொள்ள வேண்டும். லீபோவெட்ஸ் ஊர் ஹெர்மீனா அம்மாளும் வாசலில் செருப்பு வைத்திருந்தார். செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்காக வீடே கைவிட்டுப் போகும் என்று யார் கண்டது?

லீபோவெட்ஸ் பழைய ஊர், அழகான ஊர். அந்தப் பாவத்துக்கு வாரக் கடைசியானால் உலகமே இரண்டு நாள் விடுமுறையில் வந்து அங்கே இறங்கும். குன்றின்மேல் ஒரு கோட்டை. தரை தேயாமலிருக்க அங்கேயும் பார்வையாளர்களுக்குக் கம்பளிச் செருப்புதான். கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கிய ஒரு டச்சு ஜோடி, ஹெர்மீனாவின் திறந்த கதவையும் வாசலில் செருப்பையும் கண்டது. மாட்டிக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்துவிட்டது.

ஹெர்மீனா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். முறையாகச் செருப்பு மாட்டி வந்தவர்களை எப்படி விரட்டுவது? "உக்காருங்க" என்றார். அவர்கள் உட்காரவில்லை, படம் பிடித்தார்கள். அடுத்த வாரம் வாசலில் வரிசை நின்றது.

"ஹெர்மீனா! ஒருத்தி வந்து என் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போறா!" என்று கட்டிலிலிருந்து கத்தினார் கணவர் ஓல்ட்ரிக்.

"மெழுகு பொம்மைன்னு நெனச்சிருப்பா. நாள் முழுக்க அசையாம கெடந்தா வேற என்ன நெனப்பாங்க?"

ஆனாலும் ஹெர்மீனாவுக்குப் பொறுக்கவில்லை. தொன்மைப் பாதுகாப்பு அலுவலர் ஹாவ்ரானெக்கிடம் போய் நின்றார்.

"ஐயா, முன்னபின்ன தெரியாதவங்க எல்லாம் என் அடுப்பங்கரைக்கு வராங்க. நிறுத்துங்க."

"செருப்பு குடுக்கறீங்களா?"

"குடுக்காம? தரை என்னத்துக்கு ஆகும்?"

"பாக்க விடறீங்களா?"

"கண்ணைக் கட்டியா விட முடியும்?"

"அப்போ அது அருங்காட்சியகம். அனுமதியில்லாம நடத்தியிருக்கீங்க. போகட்டும், அங்கீகாரமே குடுத்துடறோம்."

அரசு சொன்னால் சொன்னதுதான். மேற்படி சமையலறை, மேற்படி கட்டில், மேற்படி ஓல்ட்ரிக் ஆகியவை தொன்மைச் சிறப்புடையவை என அறிவிக்கப்பட்டன. கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். காட்சிப் பொருள் எதையும் தொடக் கூடாது என்றார்கள்.

"அப்போ நான் எங்க படுக்கறது?"

"அருங்காட்சியகத்துல தூங்கலாமா? நீங்களே சொல்லுங்கம்மா."

"என் சூப்பு?"

"கிண்டுங்க. கிண்டறது பாரம்பரியம். குடிச்சா பாரம்பரியம் தீந்துபோயிடும்."

"இந்த மனுஷன்?"

"அவர் நிரந்தரக் காட்சி."

ஹெர்மீனா விறகுக் கொட்டகையில் படுத்தார். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறந்த வீடு அது, அம்மா கண்ணை மூடிய கட்டில் அது. அதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஆறுதலாக அவருக்கு 'கண்காணிப்பாளர்' என்று ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். அதைக் குத்திக்கொண்டு ஒரு ஜெர்மன்காரரை "தொடாதீங்க!" என்று அதட்டிப் பார்த்தார். அதட்டுவது நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. தூசி படாமல் ஓல்ட்ரிக்குக்குத் துணி போர்த்தி, வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இனி வீட்டைத் திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்று ஹெர்மீனா பேருந்து ஏறினார். ஹாவ்ரானெக் குடியிருந்தது பக்கத்து ஊரில். அதுவும் பழைய ஊர், அழகான ஊர்.

கதவு திறந்திருந்தது. கோபத்திலும் பழக்கம் விடவில்லை. வாசலில் இருந்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஹாவ்ரானெக் பனியனோடு சூப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹெர்மீனா வாயைத் திறப்பதற்குள் பின்னால் சரசரவென்று சத்தம். தெருவில் இவர் நெஞ்சில் மின்னிய வில்லையைப் பார்த்து ஒரு சுற்றுலாக் கூட்டம் தொடர்ந்து வந்திருந்தது. எல்லோர் காலிலும் ஹாவ்ரானெக் வீட்டுச் செருப்பு.

"யாருய்யா நீங்க எல்லாம்? இது என் வீடு!"

"செருப்பு குடுக்கறீங்களா?" என்றார் ஹெர்மீனா.

"அது... வந்தவங்களுக்கு..."

"பாக்க விடறீங்களா?"

ஹாவ்ரானெக் வெளிறிப் போனார். விதியை மதிக்கும் அதிகாரி அவர். வாய்வரை கொண்டுபோன கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அம்மா, இது என்ன காட்சி?" என்று கூட்டத்தில் ஒருவர் பணிவாகக் கேட்டார்.

ஹெர்மீனா நிமிர்ந்து நின்று வில்லையைச் சரிசெய்துகொண்டார். "அதிகாரி, பகல் சாப்பாட்டு வேளை. கிட்ட போகாதீங்க, எதையும் தொடாதீங்க."

கூட்டத்துக்கு அதே தெருவில் நாலு வீடு காட்டி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பேருந்தில் ஏறிய பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. கொஞ்சம் யோசித்தார். பரவாயில்லை, காலையில் சீக்கிரம் திறக்க வேண்டும். ஓல்ட்ரிக் மேல் போர்த்திய துணியை வேறு உதற வேண்டும்.