கறுப்புச் சதுரத்தின் சதி

உலகத்தின் மாபெரும் சதி கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தது விஞ்ஞானி அல்ல, போலீஸ் அல்ல. ஓரமாக நிறுத்திய காருக்குள் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்துப் பேசிய ஒரு மனிதர். ஊரெல்லாம் அவரை 'உள்தகவல் அண்ணன்' என்று அழைத்தது. உள்ளேயிருந்து தகவல் தருவது யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் அந்த ஆளின் உயிருக்கு ஆபத்தாம். இல்லாத ஆளின் உயிரை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியவர் வேறு எவரும் இருக்க முடியாது.

சதி இதுதான். மாத்திரை அட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம் அச்சாகியிருக்கும். அது இருந்தால் உள்ளே இருக்கும் மாத்திரையில் கண்ணுக்குத் தெரியாத வேவுக் கருவி இருக்கிறதென்று அர்த்தம். விழுங்கிவிட்டால் போதும்; நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். இதை நாற்பதாயிரம் பேர் நம்பினார்கள். அந்த நாற்பதாயிரம் பேரும், தாங்கள் எங்கே போனோம், மதியம் என்ன சாப்பிட்டோம் என்று தாங்களே படமெடுத்துக் கைபேசியில் போட்டு ஊருக்கே காட்டுகிறவர்கள் என்பது வேறு விஷயம்.

அவர்களில் ஒருவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அவருடைய மனைவிக்கு மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை. பதினான்கு வருடமாக அவள் நின்றது அட்டை வெட்டும் இயந்திரத்தின் முன்னால். அந்தக் கறுப்புச் சதுரத்தை அவளைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் உலகத்தில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அண்ணன் கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கப் பார்த்தார். விற்றும்விட்டார்.

அவளுக்கு விஷயம் தெரிந்தது ஒரு காதினால். கணவர் சவரக்கத்தியைக் கையில் வைத்திருந்தபோது தலை சுற்றி, வாத்தியார் ஒருவரின் காது மடலைக் கீறிவிட்டார். வாத்தியார் நல்ல மனிதர், பஞ்சை வைத்துப் பொத்திக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர் இருக்காம்மா? முகமெல்லாம் செவந்து போயிருக்கு" என்று அவளிடமே வந்து சொன்னார். அவள் அலமாரியைத் திறந்தாள். இருபத்து மூன்று நாள் ரத்த அழுத்த மாத்திரை பிரிக்காமல் கிடந்தது. பக்கத்தில், கருவியை வெளியேற்ற அண்ணன் விற்ற ஒரு டப்பா. மேலே 'வெளியேற்றப் பொடி, காலை மாலை இரண்டு கரண்டி' என்று எழுதியிருந்தது.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"என்னங்க, இது உப்புங்க."

"உனக்கு உப்பாத்தான் தெரியும்" என்றார் கணவர், பரிதாபமாக. "உள்ள கருவி இருக்கிறவங்க நாக்குக்கு உப்பாத்தான் தெரியுமாம். அண்ணன் முன்னாடியே சொல்லிட்டாரு."

"உங்க நாக்குக்கு?"

"எனக்கும் இப்போதைக்கு உப்புதான். வெளிய போகப் போக மாறுமாம்."

பிரஷர்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் நாலு கரண்டி உப்பு தின்கிறார். சதிகாரர்கள் இத்தனை நாள் முயன்றும் செய்ய முடியாத காரியம் அது. அவளுடைய அப்பா பிரஷரில்தான் போனார், காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே.

கோபத்தை விழுங்கிக்கொண்டு அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இங்க பாருங்க. இந்தச் சதுரம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். தாள் உருளையா ஓடி வரும். எந்த இடத்துல வெட்டணும்னு மெஷினுக்குத் தெரியணும் இல்ல? அதுக்குத்தான் இந்த அடையாளம். மெஷின்ல ஒரு கண்ணு இருக்கு. அது கறுப்பைப் பார்த்ததும் கத்தி எறங்கும். இது இல்லேன்னா மருந்துப் பேரு பாதி இந்த அட்டையில, பாதி அடுத்த அட்டையில போயிடும். அவ்வளவுதான்."

கணவர் மூச்சுவிடாமல் கேட்டார். கண் விரிந்தது. புரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

"மெஷினுக்குக் கண்ணு இருக்கா?"

"ஆமா."

"அப்ப அது யாருக்காகப் பார்க்குது?"

அரை மணி நேரத்தில் அண்ணனின் கைபேசிக் குழுவில் செய்தி வந்துவிட்டது: 'நேரடி சாட்சி! தொழிற்சாலை இயந்திரத்துக்குக் கண் இருக்கிறது! உள்ளே வேலை செய்பவரே ஒப்புக்கொண்டார்!' போட்டவர் வீட்டுக்காரர்தான். எண்ணூறு பேர் நெருப்புப் படம் போட்டுப் பாராட்டினார்கள். அன்றே அவருக்குக் குழுவில் 'கள ஆய்வாளர்' பட்டம் கிடைத்தது. இருபது வருடமாகக் கடையில் அவர் பேச்சை வாடிக்கையாளர்கள் கேட்டதெல்லாம், கழுத்தில் கத்தி இருந்ததால்தான். இப்போதோ முகம் தெரியாதவர்கள் "ஆய்வாளர் அண்ணே, உங்க கருத்து என்ன?" என்று கேட்டார்கள். அந்தச் சுகத்தின் முன்னால் மாத்திரையாவது, மனைவியாவது!

சாட்சி வேண்டுமென்று அவளையும் குழுவில் சேர்த்திருந்தார். அவளும் விடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள்: எந்த இயந்திரம், எந்த உருளை, எதற்குச் சதுரம். பதில்கள் வந்து கொட்டின.

'நீங்க பார்த்த மெஷின் சரி. பார்க்காத மெஷின்ல என்ன நடக்குது?'

'உங்களுக்கே தெரியாமத்தான் செய்வாங்க. அதுதான் சதி.'

ஆதாரம் காட்டுங்கள் என்று அவள் கேட்டாள். 'ஆதாரத்தை அழிச்சிட்டாங்க. அழிச்சதே ஆதாரம்' என்றது பதில். அப்படியானால் மாத்திரையை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாமே என்றாள். ஆய்வுக்கூடமும் அவர்கள் கையில்தான் என்றார்கள். உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டாள். 'நீங்களே தேடிப் படிங்க, தூங்கினது போதும்!' என்று, கைபேசியைத் தவிர எதையும் படிக்காத ஒருவர் அறிவுரை சொன்னார். கடைசியில் ஒருவர் கண்டுபிடித்தேவிட்டார்: 'இந்தப் பொம்பளைக்குக் கம்பெனி காசு குடுக்குது.'

கம்பெனி காசு கொடுப்பது உண்மைதான். மாதச் சம்பளம் என்று அதற்குப் பெயர்.

அந்த வரிக்குக் கீழே கட்டைவிரல் உயர்த்தியவர்களின் பட்டியலைத் தற்செயலாகத் திறந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒன்று, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதருடையது.

"என்னைக் காசு வாங்குறவள்னு எழுதியிருக்காங்க. அதுக்கு நீங்க கட்டைவிரல் காட்டியிருக்கீங்க."

"எல்லாரும் போட்டாங்க. நான் மட்டும் போடலேன்னா என்ன நினைப்பாங்க?"

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு யோசித்தாள். ஒருவரின் நம்பிக்கையை எதிர்த்து வாதாடி ஜெயிக்க முடியாது. நீ எதைச் சொன்னாலும் அது அதையே தின்று கொழுக்கும். வாதத்தை விட்டுவிட்டு, பதில் ஒன்று சரியாக அல்லது தப்பாக மட்டுமே இருக்கக்கூடிய ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, நாற்காலி விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த வாடகை அரங்கத்தில் அண்ணன் நேரில் தோன்றினார். உட்கார இடமில்லை, கீழே நாற்காலிக் கடையில் வாடகை பேசியவர்களும் உண்டு. அண்ணன் மேடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிவைத்து மேலே உள்ளங்கையை நீட்டினார். கறுப்புச் சதுரம் தெரிந்த அட்டை கையைச் சுட்டது. தெரியாதது சுடவில்லை. கூட்டம் கை தட்டியது.

"மருந்துக் கடை இருக்கிற தெருவுல போனாலே எனக்குக் கை எரியும். கதவு சாத்தியிருந்தாலும் எரியும்!" என்றார். "நான் எதையும் நம்பச் சொல்லல. கேள்விதான் கேக்கிறேன். சந்தேகம் இருக்கிறவங்க மேடைக்கு வரலாம்."

அவள் எழுந்தாள். கையில் ஒரு பை. உள்ளே ஒரே மாதிரியான பத்துக் காகிதக் கவர்கள், ஒட்டி, ஒன்று முதல் பத்து வரை எண் போட்டவை. மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"அண்ணே, இதுல எதெதுல கருவி இருக்குன்னு கையை வெச்சுச் சொல்லுங்க."

அண்ணன் கவர்களைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் என்ன செய்தது என்று தெரியவில்லை. "தங்கச்சி, கவருக்குள்ள மூடி வெச்சா அலை சரியா..."

"கதவு சாத்தியிருந்தாலே உங்களுக்குத் தெரியும் அண்ணே!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பக்தர் கத்தினார். "காகிதம் எம்மாத்திரம்? காட்டுங்கண்ணே, இந்தம்மா வாயை அடைங்க!" கூட்டம் 'காட்டுங்க, காட்டுங்க' என்று கூவியது. எதிரி தோண்டிய குழியிலிருந்து தப்பிவிடலாம். பக்தர்களே பிடித்துத் தள்ளும்போது என்ன செய்வது?

அண்ணன் ஒவ்வொரு கவராகக் கை நீட்டினார். முகத்தைச் சுளித்தார், பெருமூச்சு விட்டார். "மூணு. ஏழு. எட்டு. இந்த மூணுலயும் இருக்கு. ஏழுதான் ரொம்ப உக்கிரம்." பிறகு பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்தவராக, "நம்ம கள ஆய்வாளர் வந்து உறுதி பண்ணட்டும்" என்றார்.

கணவர் மேடையேறினார். மனைவியைப் பார்க்காமல் ஏழாம் கவருக்கு மேலே கையை வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று இழுத்தார்.

"சுடுது அண்ணே! அய்யோ, சுடுது!"

நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையாகவே சுட்டது. நெற்றியில் வியர்வை வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம், இவரை இப்படியே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. இழுத்தால் வர மாட்டார் என்பதும் தெரியும். கையிலிருந்த கத்தரிக்கோலால் கவர்களை ஒவ்வொன்றாக வெட்டிக் கவிழ்த்தாள்.

ஒவ்வொரு கவரிலிருந்தும் ஒரு சட்டைப் பட்டன் விழுந்தது. பத்திலும்.



"மாத்திரை எங்க?" என்றார் அண்ணன். "இது ஏமாத்து வேலை!"

"மாத்திரை இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. எதுல கருவி இருக்குன்னுதான் கேட்டேன். இல்லைன்னு சொல்லியிருக்கலாமே!"

பின்வரிசையில் ஓர் அறிவாளி நாற்காலிமேல் ஏறி நின்றார். "பட்டன்ல நாலு ஓட்டை எதுக்குன்னு யாராவது யோசிச்சீங்களா? நூல் கோக்க ரெண்டு போதாதா?"

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டீங்களா! பட்டன்லயும் வெச்சிட்டாங்க! இந்தத் தங்கச்சி அறியாமலே பெரிய உண்மையை வெளிக்கொண்டு வந்திருக்கு!" பாதிக் கூட்டம் நிம்மதியாகக் கை தட்டியது. சிலர் தங்கள் சட்டையைக் குனிந்து பயத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

கணவர் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. ஏழாம் கவரின் பட்டனைக் கையில் எடுத்தார். நீலப் பட்டன். ஓட்டையில் ஒரு துண்டுச் சிவப்பு நூல் சிக்கியிருந்தது. நீல நூல் கிடைக்காமல் கடையில் அவரே உட்கார்ந்து தைத்தது. மைக் அவர் வாய்க்கு நேரே இருந்ததால் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, இது என் பழைய சட்டைப் பட்டன். ஆறு வருஷம் என் நெஞ்சுமேலதான் இருந்துச்சு. ஒரு நாளும் சுட்டதில்ல. நீங்க சுடும்னு சொன்ன பிறகுதான் சுட்டுச்சு."

"உங்களையும் விலைக்கு வாங்கிட்டாங்களா?" என்றார் அண்ணன், சட்டென்று.

கேள்வி முடியும் முன்பே கணவரின் கைபேசி அதிர்ந்தது. 'முடிதிருத்தும் ஆள் விலை போய்விட்டார்' என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். கீழே கட்டைவிரல்கள் முளைத்துக்கொண்டே போயின. இருநூறு, இருநூற்று ஐம்பது. எட்டு வருடமாக அவரிடம் முடிவெட்டிக்கொள்பவரும் அதில் இருந்தார். அடுத்த நிமிடம் கணவர் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார்.

முன்வரிசையில் இருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தன் பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுப் பார்த்தார். "உப்புய்யா!" என்று அவர் போட்ட சத்தத்தில் இன்னும் பத்து டப்பாக்கள் திறந்தன. அதற்குப் பிறகு நடந்த கூச்சலில் அண்ணன் பின்படி வழியாக இறங்கினார். கறுப்புக் கண்ணாடியால் படி தெரியாமல் கடைசி மூன்றை உருண்டே கடந்தார். பட்டன் இல்லாத சட்டை போட்டுக்கொண்டு அவரோடு இன்றும் சிலர் இருக்கிறார்களாம். இருக்கட்டும்.

அவள் கணவரின் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏற்றினாள். போகும் வழியில் அவர், "அன்னிக்கு உனக்கு இப்படித்தானே இருந்திருக்கும்" என்றார்.

"இதைவிட மோசமா இருந்துச்சு" என்றாள் அவள். "உங்களைத் திட்டுனவங்கள்ல நான் இல்லையே." ஆனாலும் அவர் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அழுத்தம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இன்னொரு முறை பார்த்தார். அதேதான். உடனே படுக்க வைத்து மருந்து கொடுத்தார்.

"மாத்திரையை ஏங்க நிறுத்துனீங்க?"

"ஒருத்தர் சொன்னாருங்க."

"டாக்டரா?"

"இல்லீங்க."

"மருந்துக் கடைக்காரரா?"

"அதுவும் இல்லீங்க."

"சொந்தக்காரரா, தெரிஞ்சவரா? யாருதான் அவரு?"

கணவர் யோசித்தார். அந்த மனிதரின் பெயர் என்ன, ஊர் என்ன, தொழில் என்ன, கண்ணாடி இல்லாமல் முகம் எப்படி இருக்கும்? நாற்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் கேட்டதில்லை.

"கார்ல உக்காந்திருந்தாருங்க" என்றார், மெதுவாக.

டாக்டரையும், மருந்தையும், பதினான்கு வருடம் அதே இயந்திரத்தின் முன் நின்ற மனைவியையும் சந்தேகப்படச் சொன்னான் ஒருவன், சந்தேகப்பட்டார்கள். சொன்னவனை மட்டும் சந்தேகப்பட மறந்துவிட்டார்கள். கேள்வி கேட்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு, ஐயா. முதல் கேள்வியை, கேள்வி கேட்கச் சொல்கிறவனிடமே கேளுங்கள்!