ஒரு திட்டுக்காகச் செய்த குருவித் தொட்டி

என் மனைவி என்னைத் திட்டி நாலு மாதம் ஆகிறது.

கல்யாணமான ஆண்கள் யாரும் பொறாமைப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு வாரம் வந்து இருந்து பார்த்தால் தெரியும். அந்த அமைதியில் சோறு இறங்காது.

அதற்கு முன்னால் அவள் திட்டுவதைக் கேட்கவே அக்கம்பக்கத்தில் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், "கட்டிலுக்குக் குளிருதுன்னு போர்த்தி விட்டீங்களா?" என்பாள். வாங்கி வரச் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்தால், "உங்களையாவது மறக்காம கூட்டிட்டு வந்தீங்களே, அது போதும்" என்பாள். பக்கத்து அறையிலிருந்து அவள் தம்பி குரல் கொடுப்பான். "அக்கா, இன்னும் கொஞ்சம் சத்தமா. மாமாவுக்கு ஒரு காதுலதான் விழுந்திருக்கு."

தம்பி என்றால் பொடியன் இல்லை. நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், "ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன் மாமா" என்று பெட்டியோடு வந்தவன், பதினேழு வருடம் தங்கினான். அவனைக் கிளப்ப நான் போட்ட திட்டங்களைக் கொண்டு ஒரு கோட்டையைப் பிடித்திருக்கலாம். ஒன்றும் பலிக்கவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று தானே ஒரு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். சாயங்காலம் போய்விட்டான். யாரும் கிளப்பாமலே.

அவன் அறைக் கதவை அன்று சாத்தினோம். பூட்டு இல்லை, தாழ்ப்பாள்கூட இல்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் அந்தக் கதவைச் சுவர் மாதிரிதான் கடந்து போனோம்.

அதோடு என் மனைவியின் திட்டும் நின்றது.

நான் சோதித்துப் பார்த்தேன். துண்டைக் கட்டிலில் போட்டேன். பேசாமல் எடுத்துக் கொடியில் போட்டாள். செருப்போடு கூடத்துக்குள் நடந்தேன். பின்னாலேயே வந்து துடைத்தாள். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு, பொங்குகிற வரை பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன்.

"பரவாயில்லைங்க" என்றாள்.

உலகத்தில் இதைவிடக் கொடிய வார்த்தை இருக்கிறதா? அன்றே முடிவு செய்தேன். என்ன விலை கொடுத்தாவது இவளிடம் ஒரு திட்டு வாங்கியே தீருவது. ஒரு திட்டு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். சாப்பாடு, தூக்கம், பழைய மனுஷி.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கடையில் கிடந்த பத்திரிகையை உரக்கப் படித்தார். வீட்டில் உதவாத பொருள்களைக் கொண்டு பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் தீனிக் கூடும் செய்வது எப்படி என்று. அவருக்கு எழுத்து தெரிந்தது. எனக்கு வழி தெரிந்தது.

ஒரே ஒரு திருத்தம்தான் செய்தேன். உதவாத பொருளைக் கெடுத்தால் யார் திட்டுவார்கள்? நன்றாக உதவுகிற பொருளாகப் பார்த்து எடுத்தேன்.

முதலில், விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் கண்ணாடிக் கிண்ணம். அதைத் தொட்டதற்காக அவள் தம்பியே ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறான். பால்கனியில் மூன்று பூந்தொட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே கிண்ணத்தைப் பசை போட்டு ஒட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது விருந்தாளிக் கிண்ணம்" என்று நானே அடி எடுத்துக் கொடுத்தேன்.

"தெரியுது."

"பசை போட்டு ஒட்டியாச்சு. இனி எடுக்க முடியாது."

"உள்ள நாலு கூழாங்கல்லு போடுங்க. கண்ணாடில குருவிக்குக் கால் வழுக்கும்."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளுடைய மரக்கரண்டிகள். வேறு யாரும் தொடக்கூடாத இரண்டு. பிளாஸ்டிக் பாட்டிலின் வயிற்றில் துளை போட்டு, கரண்டிகளைக் குறுக்கே செருகி, உள்ளே தானியத்தை நிரப்பித் தொங்கவிட்டேன். குருவி கரண்டிக் காம்பில் உட்காரும், கரண்டிக் குழியில் வழிகிற தானியத்தைக் கொத்தும். பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. என் பாட்டிலில் தானியம் வழியவில்லை, கொட்டியது. எல்லாம் கீழ் வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மேல்.

கீழ் வீட்டு அம்மா மாடி ஏறி வந்தார்.

"ஏங்க சார், உங்களுக்கு வேற வேலையே இல்லையா? என் பெட்ஷீட்ல புறா வந்து குடும்பம் நடத்துது!"

"அது குருவிக்குப் போட்டதுங்க."

"புறாவுக்கு அதைப் படிச்சுக் காட்டினீங்களா?"

நல்ல திட்டுதான். ஆனால் அடுத்த வீட்டுச் சாப்பாடு மாதிரி, என் நாக்குக்கு உப்புப் பத்தவில்லை. நான் நம்பிக்கையோடு மனைவியைப் பார்த்தேன். பழைய நாளாக இருந்தால் முதலில் அந்த அம்மாவை வெளுத்திருப்பாள், பிறகு என்னை. இப்போது கையைப் பிசைந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க அக்கா. நான் பெட்ஷீட்டைத் துவைச்சுத் தரேன்" என்றாள்.

கீழ் வீட்டு அம்மாவே பயந்துபோனார். "வேணாம்மா, விடு" என்று படியிறங்கிவிட்டார்.

அவர் போனதும் என் மனைவி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துளை பெருசாயிருச்சு. கரண்டியைச் சுத்தித் துணி சுத்துங்க" என்றாள்.

குக்கர் மூடி போனது. வடிதட்டு போனது. மாவு சலிக்கிற சல்லடை, புது டிபன் பாக்ஸ், அவள் ஆசையாக வாங்கிய பூப்போட்ட பீங்கான் தட்டு, எல்லாம் பால்கனிக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை சொன்னாள். எதற்கும் ஒரு வசவு சொல்லவில்லை. சமையலறை மொட்டையாகிவிட்டது. நாங்கள் சாதத்தைப் பானையின் வாயில் துணி கட்டி வடித்தோம். பால்கனியில் கம்பிக்குக் கம்பி பாத்திரம் தொங்கியது. குருவிகளுக்கே எங்கே உட்காருவது என்று குழப்பம்.

எடுக்க இனி ஒன்றும் இல்லை என்ற ஞாயிற்றுக்கிழமை, அவள் குளிக்கப் போயிருந்தபோது, நான் அந்தக் கதவைத் தள்ளினேன்.

அறை அவன் விட்டுப்போனபடி இருந்தது. கட்டில், பெட்டி, ஜன்னலில் சீப்பு. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய மஞ்சள் ஹெல்மெட். வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வது. உள்ளே பட்டை நெற்றியை அறுக்கிறது என்று அவன் சொன்னதற்காக அக்கா தன் பழைய சேலையில் கிழித்துத் தைத்துக் கொடுத்த துணி இன்னும் இருந்தது. தலை எண்ணெய் வாசமும் இருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். தையலைப் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கை வரவில்லை.

"மாமா, சுத்தியலை நீங்களே வெச்சுக்குங்க. உங்க கையில இருந்தாத்தான் ஆணிக்குப் பாதுகாப்பு" என்பான். வீட்டில் ஓர் ஆணிகூட நான் அடித்தது கிடையாது. அவன் போன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

இதற்கும் அவள் திட்டவில்லை என்றால் இனி எதற்கும் திட்டமாட்டாள் என்று சொல்லிக்கொண்டு பிரித்தேன். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடித்து, விளிம்பில் மூன்று துளை போட்டு, சங்கிலியில் தொங்கவிட்டேன். அருமையான தொட்டி. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

தண்ணீரைக் காணோம்.

இன்னொரு குடம் ஊற்றினேன். அதையும் காணோம்.

கீழேயிருந்து அலறல் வந்தது. "ஐயோ! இப்பத்தானே காயப்போட்டேன்!"

ஹெல்மெட்டின் உச்சியில் காற்றுப் போக வரிசையாகத் துளைகள் இருந்தன. பதினேழு வருடம் தினம் பார்த்த ஹெல்மெட். நான் கண்ணாடி விற்கிறவன்.

தலையில் ஈரத்தோடு என் மனைவி வந்து நின்றாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். திறந்து கிடந்த அறைக் கதவைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. வரப்போகிறது, நாலு மாதமும் சேர்த்து வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உள்ள போனீங்களா?" என்றாள்.

"போனேன்."

"எப்படி இருக்கு?"

"தூசி. அவ்வளவுதான். சீப்பு ஜன்னல்லயே இருக்கு." ஹெல்மெட்டைக் காட்டினேன். "ஏம்மா, அவன் ஹெல்மெட்டை ஓட்டை போட்டுட்டேன். இப்பவாவது திட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல திட்ட வரலைங்க. வாயைத் திறந்தா அழுகைதான் வந்தது. அப்புறம் நீங்க கிண்ணத்தை எடுத்தீங்க. அன்னிக்குத் திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன்."

"ஏன்?"

"திட்டினா கிண்ணத்தோட நிறுத்தியிருப்பீங்க. எனக்கு அந்தக் கதவைத் திறக்க தைரியமில்ல. திறங்கன்னு உங்ககிட்ட சொல்லவும் வாய் வரல. சமையலறையில சாமான் தீர்ந்தா நீங்க அங்கதானே போகணும்? அதான் கரண்டியைக் கொடுத்தேன், மூடியைக் கொடுத்தேன், தட்டைக் கொடுத்தேன்."

அவளை மீட்க நான் வலை விரித்ததாக நினைத்திருந்தேன். தானியம் போட்டது அவள். கொத்திக் கொத்திக் கதவு வரை போனது நான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதோம். யார் முதலில் ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை, நான்தான் என்று அவள் சொல்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி நிக்காதுன்னா அடியில துணி விரிச்சுத் தானியம் போடுங்க. மழை பெஞ்சாலும் வடிஞ்சிரும், ஊறாது" என்றாள்.

அப்போதுதான் கீழ் வீட்டு அம்மா மறுபடி கத்தினார். "அங்க என்னத்தைத் தொங்கவிட்டிருக்கீங்க? அந்த ஓட்டைத் தொப்பியைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

என் மனைவி எழுந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

"யாரோடதை ஓட்டைத் தொப்பின்னு சொல்றீங்க? உங்க பெட்ஷீட்டு என்ன, பட்டத்து யானை போர்த்திக்கிறதா? ரெண்டு சொட்டுத் தண்ணி பட்டா சாயம் போயிருமா, இல்ல சாயமே இன்னும் போட்டு முடிக்கலையா? லிஃப்ட் நடுவுல நின்னு நீங்க உள்ள கத்தினப்ப, இந்த ஓட்டைத் தொப்பிதான் வந்து உங்களை வெளிய எடுத்துச்சு!"

தெருவில் இரண்டு டி.வி.க்களின் சத்தம் குறைந்தது. அவள் குரல் ஏறிக்கொண்டே போனது, கண்ணில் நீர் வழிய வழிய, மூச்சு விடாமல், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் சளைக்காமல். நான் பக்கத்தில் காலிக் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் ஆவலோடு நிமிர்ந்து நின்றேன்.

"நீங்க நின்னு கால் வலிச்சிருக்கும், போய் உட்காருங்க" என்றாள்.

நாலு மாதமாக நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த திட்டு மொத்தமும் கீழ் வீட்டுக்குப் போய்விட்டது.