பிரிட்டா இந்த வருஷம் யாருக்கு?

மூன்றாவது முறையும் வரி இலாகாவின் கணினி வரிக்கணக்கைத் திருப்பி அனுப்பியது. அமெரிக்காவின் டுலூத் நகரில் லாரி மெக்கானிக்கான ஆர்விட் லிண்ட்க்விஸ்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவரைச் சார்ந்திருப்பதாக அவர் காட்டிய கல்லூரியில் படிக்கும் மகள் பிரிட்டாவின் சமூகப் பாதுகாப்பு எண், வேறொரு கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டதாம்.

மகளின் படிப்புச் செலவுக்குக் கிடைக்கும் வரிச்சலுகை இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர். கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும்தான். ஆனால் வலி வேறு. விவாகரத்தில் வீடு, படகு, நாய் எல்லாம் மனைவி மார்சியோடு போய்விட்டன. மகள் தன்னை நம்பி இருக்கிறாள் என்று எழுத ஒரு வரிதான் அவருக்கு மிச்சம். அதுவும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்.

மார்சிக்குப் போன் போட்டார்.

"இரட்டைப்படை வருஷம் எனக்குன்னுதானே கோர்ட்டுல சொன்னாங்க?"

"இது ஒத்தைப்படை வருஷம். என் முறை."

"கணக்கு போன வருஷத்துதுடி!"

"போடறது இந்த வருஷம்டா! நானும் போட்டேன், என்னுதையும் திருப்பிட்டாங்க. நீதான் முந்திக்கிட்டேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கேன்."

 விவாகரத்தான ஆறு வருஷத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே கட்சி.

"உன் புதுப் புருஷன் டெல் போட்டிருப்பானோ?"

போன் ஸ்பீக்கரில் இருப்பதும், மார்சியின் பக்கத்திலேயே டெல் நிற்பதும் தெரியாமல் கேட்டுவிட்டார்.

"நாலு வருஷமா அந்தப் பொண்ணுக்குச் சமைச்சுப் போடறேன், நான் திருடனா?" என்று கத்திவிட்டு, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு டெல் கிளம்பினான்.

"போதுமா? ஏப்ரல்ல ஏரிப்பனி உருகுதேன்னுகூடப் பார்க்காம அது மேல ஏறி மீன் பிடிக்கப் போறான்!"

ஆர்விட் பிரிட்டாவைக் கூப்பிட்டார். "பரீட்சைப்பா. அம்மாகிட்ட கேளேன்" என்றாள். மார்சி கூப்பிட்டாள். "பரீட்சைம்மா. அப்பாகிட்ட கேளேன்."

"புரிஞ்சுபோச்சு" என்றாள் மார்சி, மறுபடி ஆர்விட்டைப் போனில் பிடித்து. "பீட்சாக் கடைச் சம்பளத்துக்கு அவளே கணக்குப் போட்டு, யாரையும் சார்ந்தில்லைன்னு டிக் அடிச்சிருக்கா. வண்டியை எடு."

மகளைத் திட்டுவதற்காக இருவரும் ஆர்விட்டின் பிக்கப்பில் இரண்டு மணி நேரம் போனார்கள். திட்டியபின் அவள் பசியோடு இருக்கக் கூடாதே என்று மார்சி மடியில் ஒரு தட்டு இறைச்சி-உருளைக்கிழங்கு ஹாட்டிஷ். வழியெல்லாம் சண்டை, யார் முதலில் திட்டுவது என்று.

விடுதியில் கதவைத் திறந்தவள் அறைத்தோழி டெஸ்.

"பிரிட்டா எங்கம்மா?" என்றார் ஆர்விட். "எங்களுக்குத் தெரியாம அவளே தனியா வரிக்கணக்குப் போட்டுட்டாளா?"

டெஸ் ஹாட்டிஷை வாசம் பிடித்தபடியே சொன்னாள்: "தனியா எங்க அங்கிள் போட்டா? டிசம்பர்ல கல்யாணம் ஆச்சுல்ல, அவ புருஷன்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டான்!"