இருபத்தைந்தாவது லிட்டர்

இரும்புலியூர் மண்ணில் லிட்டர் அண்ணாவைப் போல எண்ணத் தெரியாத ஆசாமி இதுவரை பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப்போவதில்லை. இத்தனைக்கும் மனுஷன் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டென்ட்.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு வீட்டிலேயே இஞ்சி ஒயின் போடுவார். ஒரு வருஷம் வாடை தாங்கவில்லை என்று தெருவே திரண்டு சண்டைக்குப் போனது. எதிர்வீட்டுக்காரனான நான் முன்வரிசையில் நின்றேன்.

"இனிமே என் கிணத்துலேருந்து இந்தத் தெருவுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. பைபிள் மேல சத்தியம்" என்று கேட்டைச் சாத்தினார்.

அடுத்த கோடையில் அவர் கிணற்றைத் தவிர எல்லாக் கிணறும் வற்றியது. தண்ணி லாரி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவரிடம் போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் அண்ணா இருபத்தைந்து லிட்டர் அலுமினிய அண்டா ஒன்று வாங்கினார். காய்ச்சும்போது எவ்வளவு சுண்டியது என்று தெரிய, உள்ளே அளவு வேண்டுமாம். அண்டாவைக் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏற்றி, லேப் குடுவையால் லிட்டர் லிட்டராக ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். சத்தமாக எண்ணுவார்.

"பதினாறு... பதினேழு..."

அந்தப் பக்கம் காலிக் குடத்தோடு போன சரோஜா அக்கா சும்மா ஒரு வார்த்தை கேட்டாள்.

"அண்ணா, ஈஸ்டருக்கு இன்னும் எத்தினி நாள் கீது?"

"பத்தொம்பது நாள்மா." திடுக்கிட்டார். "ஆமா, எத்தனை ஊத்தினேன்?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"போச்சு, எல்லாம் போச்சு" என்று அண்டாவைத் தெருப்பக்கம் சாய்த்தார். அக்கா சட்டென்று குடத்தை நீட்டினாள்.

மறுநாள் சுவரோரம் ஆறு குடங்கள். ஒருத்தி ரேஷன் கார்டைக் காட்டி நம்பர் படிக்கச் சொன்னாள். நான் வெட்கமே இல்லாமல் எலக்ட்ரிக் டிரெயின் டைம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கணக்கு தப்பும், கத்துவார், சாய்ப்பார். அந்தக் கோபத்திலும் ஒரு சொட்டு சிந்தாமல் நேராகக் குடத்துக்குள் விழும். லேபில் பழகிய கை என்று வியந்துகொண்டோம்.

ஒருநாள் யாரையும் காணோம். நான் ஜன்னலில் ஷேவ் செய்துகொண்டிருந்தேன், வாயெல்லாம் நுரை.

"இருபத்து நாலு" என்றவர் அடுத்த குடுவையை ஊற்றாமல் நின்றார். தெருமுனையைப் பார்த்தார். "இருபத்து நாலு" என்றார் மறுபடி. மூன்றாவது இருபத்து நாலுக்குச் சரோஜா அக்கா மூச்சு வாங்க ஓடிவந்து மணி கேட்டாள். நல்லவேளை, கணக்கு தப்பியது.

அளவு முடியாத அந்த அண்டாவிலேயே ஒயினும் காய்ச்சினார். ஈஸ்டர் அன்று வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். அப்படி ஒரு கச்சிதம். சண்டை போட்ட வாய்களெல்லாம் சப்புக்கொட்டின. அண்டா கழுவ ஒத்தாசைக்குப் போன நான் உள்ளே கைவிட்டுத் தேய்த்தேன். அடியிலிருந்து விளிம்புவரை ஒரே வரிசையில் இருபத்தைந்து புள்ளி. ஒன்றுகூட இரண்டு தடவை குத்தியதாக இல்லை.

"இது எப்பண்ணா குத்தினீங்க?"

"வாங்கின அன்னிக்கே." குரலைத் தாழ்த்தினார். "சரோஜாகிட்ட சொல்லிடாதே. சத்தியம் வேற பண்ணித் தொலைச்சிட்டேன். மழையும் வரல."

மறுநாள் காலை சுவர்மேல் அண்டா ஏறியது. "பதினஞ்சு... பதினாறு..." குடத்தோடு போய் நின்றேன். வழக்கமான கேள்வி எதுவும் வாயில் வரவில்லை.

"அண்ணா, சாப்ட்டீங்களா?" என்றேன்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று என் குடத்தில் சாய்த்தார்.