நாய்த் தீனிக்குச் சாயம் பார்த்தவர்

நாயைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிற ஒரு மனிதரை நம்பித்தான் ஒரு காலத்தில் கண்டி நகரத்துப் பெரிய நாய்களில் பாதி சாப்பிட்டு வந்தன. நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அந்த நாய்களிடம் கேட்டிருக்க வேண்டும். அவை ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை.

அவரை எல்லாரும் டீமேக்கர் என்றுதான் அழைத்தோம். கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பேராதனை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கோழித் தீவனமும் நாய்த் தீனியும் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

மற்றக் கடைகளில் பெரிய நாய்க்கு உலர் தீனி வேண்டும் என்றால் ஒரு பையைத் தூக்கித் தருவார்கள். டீமேக்கர் அப்படித் தரமாட்டார். மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைத் தீனியில் ஏழு துண்டு எண்ணிப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, பீரிசுத் தட்டால் மூடிவிட்டு, மணிக்கூட்டைப் பார்ப்பார். சரியாக ஆறு நிமிடம். பிறகு மூடியைத் திறந்து குனிந்து மணம் பிடிப்பார், வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார், கரண்டியால் கலக்குவார். தொழிற்சாலையில் தேயிலையின் தரம் அறியச் சாயம் பார்க்கிற முறை அப்படியே நாய்த் தீனிக்கு வந்துவிட்டது. ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பினாரா இல்லையா என்பதில் வாடிக்கையாளர்களிடையே இரண்டு கட்சி இருந்தது. நான் துப்பினார் கட்சி.

இதைப் பார்த்துவிட்டு ஊரிலும் பலர் வீட்டில் கோப்பை வைக்கத் தொடங்கினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் இரவே ஊறவைத்து, காலையில் தூக்கக் கலக்கத்தில் அதற்குச் சீனியும் போட்டுக் குடித்துவிட்டார். கொஞ்சம் கனமான சாயம் என்பதுதான் அவருடைய அபிப்பிராயமாம்.

ஆனால் நாய் என்றால் டீமேக்கருக்கு ஈரக்குலை நடுங்கும். தோட்டத்தில் ஏதோ ஒரு தொரையின் நாய் சிறு வயதில் தன்னைத் துரத்தியது என்பார். ஒருநாள் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் நேராகக் கடைக்குள் வந்துவிட்டார். டீமேக்கர் பக்கத்திலிருந்த தட்டுத் தராசில் ஏறிவிட்டார். முள் ஆடி ஆடி அவர் எடையை ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்க, அங்கே நின்றபடியே, நாய்க்கு விலா எலும்பு தெரியவில்லை, தீனியில் கால்வாசியைக் குறையுங்கள் என்று உத்தரவு போட்டார். நாய்க்காரர் அடுத்த மாதம் பழக்கூடையோடு வந்து நன்றி சொன்னார். நாயைத் தூர வேலியில் கட்டிவிட்டுத்தான் வந்தார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஓர் அல்சேஷன் குட்டி கிடைத்தது. பாபு என்று பெயர் வைத்தோம். அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டியை அடுத்த வீட்டுக்காரர் வாங்கியிருந்தார். அங்கேதான் வினை பிடித்தது. தினமும் காலையில் வேலிக்கு மேலால் இரண்டு பேரும் குட்டிகளின் உயரத்தை ஒப்பிடுவோம். அவருடையது ஒரு விரற்கடை கூட இருந்தால் எனக்கு அன்று கந்தோரில் வேலை ஓடாது. ஆகவே மனைவி சரோஜாவுக்குத் தெரியாமல் காலையில் ஒரு கல்சியம் மாத்திரை, மாலையில் ஒரு கல்சியம் மாத்திரை, நடுவில் பால்மா என்று பாபுவுக்கு ஊட்டினேன். பாபு வளர்ந்தான். வேலிக்கு மேலால் நான் அடக்கமாகப் புன்னகைத்தேன்.

எங்கள் வீடு அம்பிட்டியப் பக்கம், வீதியிலிருந்து அறுபத்துமூன்று படி ஏற வேண்டும். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பாபு இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டான். முன்காலைத் தூக்கிக்கொண்டு எங்களையே பார்த்தான். அடுத்த வாரம் பத்தாவது படியிலேயே உட்கார்ந்தான். சரோஜா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினேன்.

மிருக வைத்தியர் பாபுவின் காலைத் தடவிப் பார்த்து, எலும்பு அவசரமாக வளர்கிறது, இப்படியே போனால் கால் கோணிவிடும் என்றார். வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். சரோஜா பக்கத்தில் நின்றாள். நான் ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் தீனிதான் காரணம், பெரிய இனக் குட்டிக்கென்றே செய்த உலர் தீனியாகப் பார்த்து மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

டீமேக்கரிடம் போனேன். ஐந்து கோப்பை வைத்தார். தண்ணீர் ஊற்றினார், மூடினார், மணிக்கூட்டைப் பார்த்தார். கதிரையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நிமிடம் நானும் பேசவில்லை. இரண்டாவது நிமிடத்தில் பாபுவின் குணத்தைச் சொன்னேன். மூன்றாவதில் படிகளைச் சொன்னேன். நாலாவதில் அடுத்த வீட்டுக்காரர் பேச்சில் வந்தார். ஐந்தாவது நிமிடத்தில், ஏன் என்று தெரியாமலே, மாத்திரையைச் சொல்லிவிட்டேன்.

டீமேக்கர் ஆறு நிமிடம் ஆக விடவில்லை. ஐந்து கோப்பையையும் எடுத்து வாளியில் கொட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன?" என்றார்.

"ரெண்டுங்க ஐயா."

"வைத்தியர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"பெரிய நாயிக்குக் குட்டியில கல்சியம் கூடக் கூடாது தம்பி. ஒடம்பு பெருசு, வளர நாளாகும். மெதுவா வளரட்டும். அவசரம் ஒங்களுக்குத்தான், நாயிக்கு இல்ல."

பிறகு ஒரு பையை இறக்கி, பின்பக்கத்து எழுத்தை விரல் வைத்துக் காட்டினார். பெரிய இனக் குட்டிக்கு என்று போட்டிருக்க வேண்டும். கல்சியம் எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத பையைத் தொடாதீர்கள் என்றார். துண்டு பெரிதாக இருந்தால்தான் விழுங்காமல் கடிக்கும். பழைய தீனியில் கால் பங்குக்குப் புதிது, பிறகு அரை, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும். கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். விலாவில் கையை வைத்தால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதல், இன்றைக்கே வைத்தியரிடம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

வைத்தியரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. சரோஜாவிடம் சொல்வதுதான் கஷ்டம். அவள் ஒன்றும் திட்டவில்லை. மிச்சமிருந்த மாத்திரைப் போத்தலை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்திருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் டீமேக்கரிடம் போய்ப் படிக்கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து, ஒரு வாரம் குறைந்து பதினொன்று. அந்தப் பதினொன்றைக் கேட்டு அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். நாயின் வாலைக்கூடக் கண்ணால் பார்க்கப் பயப்படுகிறவருக்கு எங்கள் பாபு மேல் இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரியவே இல்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்துவிட்டார். நாங்கள் கீழே வீதியில் நிற்க, அவர் அறுபத்துமூன்றாவது படிக்கு மேலே, எங்கள் கேட்டுக்கு உள்ளே, கையில் விரித்த குடையோடு நின்றார். நாயை விடச் சொன்னார். பாபு ஏறினான். இருபதில் ஒருமுறை நின்றான். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினான். நாற்பது, ஐம்பது, அறுபது. மேலே போனவன் சும்மா இருப்பானா, கேட்டைத் தலையால் தள்ளித் திறந்துகொண்டு டீமேக்கரிடமே போனான்.

நாங்கள் ஓடி ஏறியபோது குடை ஒரு பக்கம் கிடந்தது. டீமேக்கர் சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பாபு அவர் கையை நக்கிக்கொண்டிருந்தான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"முழுசும் ஏறிட்டானா தம்பி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

அன்று தேநீர் குடிக்கும்போது நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன். அந்தக் கோப்பையில் அப்படி என்னதான் ஐயா தெரியும்? அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியாதுங்க. நாயித் தீனியில என்னா சாயம்? வந்ததும் நாயிக்கு என்னா குடுக்குறீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லதத்தான் சொல்லுவாங்க. ஆறு நிமிசம் சும்மா ஒக்காரவச்சா தானா உண்மையச் சொல்லுவாங்க. எனக்கு அது போதும்."

ஊரில் கோப்பை வைத்த எல்லாரையும் நினைத்துச் சிரித்தேன். தபாலதிபரை நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டீமேக்கர் பிறகு கடையை விட்டு, நாவலப்பிட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பாபு பதினொரு வயது வரை இருந்தான். அவனுடைய இனத்துக்கு அது நல்ல வயது என்று எல்லாரும் சொன்னார்கள். கடைசி மாதம் வரை அறுபத்துமூன்று படியும் ஏறினான். அவன் போன பிறகு நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். அவருக்கு வயதாகிவிட்டது, அவரிடம் இதைச் சொல்லக் கூடாது, சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு போனேன்.

என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வெள்ளைக் கோப்பையில் தேயிலை போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி, பீரிசால் மூடி என் முன்னால் வைத்தார். எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்கு அந்த வித்தை தெரியும். தெரிந்திருந்தும் மூன்றாவது நிமிடத்தில் பாபு என்று தொடங்கினேன். ஐந்தாவது நிமிடத்தில் அறுபது வயது மனுஷன் குழந்தையைப் போல அழுதுகொண்டிருந்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. நான் முகத்தைத் துடைத்த பிறகுதான் மெல்ல மூடியைத் திறந்து கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"சாயம் எப்படிங்க தம்பி?"

"நல்லா இருக்குங்க ஐயா" என்றேன். நான் அதை இன்னும் வாயில் வைக்கவில்லை.