மிதித்தும் நிற்காத படகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம்; என் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். படகு என்னிடம் அல்லவா இருக்கிறது!

ஓய்வு பெற்றதிலிருந்து நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு வாங்கி அனுப்பினீர்களே, "மாமா, உக்காந்துக்கிட்டே ஓட்டலாம், காலுக்கு வேலையே இல்ல" என்றீர்களே, அதை நம்பி ஏரிக்குப் போனால், பயிற்சி கொடுக்கும் பெண் எடுத்த எடுப்பிலேயே, "ஐயா, கையில ஒண்ணுமில்ல, பலமெல்லாம் கால்லதான்" என்கிறாள். வலப்பக்கம் துடுப்பை இறக்கினால் வலது காலால் உள்ளே இருக்கும் மிதிகட்டையை அழுத்த வேண்டுமாம், அழுத்தினால் இடுப்பு திரும்புமாம், அந்த வேகம் துடுப்புக்கு வருமாம். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவன் நான். இடது, வலது என்று இப்படி மாற்றி மாற்றி மிதித்திருந்தால் பயணிகள் என்னை இறக்கிவிட்டுத் தாங்களே ஓட்டிப் போயிருப்பார்கள். கால் சொன்னபடி கேட்கவில்லை, கையாலேயே இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, கரையில் குடையோடு உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி, "காலை அழுத்துங்க! சும்மா தண்ணியைக் கலக்காதீங்க!" என்று கத்த, அவளைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் எதிரே படகுத்துறை. பதறிப்போய் கிளட்ச், பிரேக் என்று இரண்டு காலையும் சேர்த்து ஒரே மிதி. பேருந்தாக இருந்தால் அப்படியே நின்றிருக்கும். இது நேரே போய்த் துறைக் கட்டையில் மோதியது. நான் மிதவைச் சட்டையோடு தண்ணீரில். அந்தப் பெண் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "ஐயா, இதுல பிரேக் கிடையாது" என்றாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

நான் தலை துவட்டி முடிப்பதற்குள் உங்கள் அத்தை படகில் ஏறி, எதிர்க்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "என்னங்க, இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து படகை எடுத்துப் போய்விடவும். முழங்கால் வீக்கத்தை மகளிடம் சொல்ல வேண்டாம். இருவரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகக் கரையிலேயே, நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் காயாத மாமனார்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பியவனை உங்கள் அத்தை, "திருப்பிக் கொடுக்கத்தானே போறோம், கடைசியா ஒரு தடவை" என்று ஏரிக்கு இழுத்துப் போய் ஏற்றிவிட்டாள். எப்படி என்று தெரியவில்லை, வலது கால் அழுத்தியதும் இடுப்பு தானாகத் திரும்பியது, படகு வழுக்கிக்கொண்டு பறந்தது, மாப்பிள்ளை! மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது இன்னொரு படகு கொண்டு வாருங்கள். இருக்கிற ஒன்றில் யார் ஏறுவது என்ற தகராறில் உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை.