கன்டினியூட்டியின் காவலன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினாலும் 'கன்டினியூட்டி'க்கு ஈடாகாது என்பது என் பணிவான கருத்து. முதல் ஷாட்டில் கிண்ணத்தில் பாதி சாம்பார் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் பாதி சாம்பார்தான் இருக்க வேண்டும். நடுவில் யாருக்காவது பசித்தால் அதற்குக் கலை பொறுப்பல்ல.

எங்கள் செங் வட்டாரத் தமிழ் ஊடகக் குழுவில் இந்தத் துறைக்கு 'முழுப் பொறுப்பு' நான். இயக்குநர் லியோனல் கோலாலம்பூரில் வார இறுதிப் பட்டறை முடித்தவன். ஆகவே 'ரோலிங்', 'கட்' போன்ற கனமான சொற்கள் அவன் வசம். எனக்கு ஒரு மஞ்சள் ஜாக்கெட், ஒரு வாக்கி-டாக்கி, கழுத்தில் ஓர் அட்டை.

தங்கா பத்து ஊர்ப்பக்கம் ஒரு பழைய தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பைப் உடைந்து, வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை என்று செய்தி வந்தது. லியோனல் கண் கலங்கிவிட்டான்.

"செம சப்ஜெக்ட் லா அண்ணே. ரிப்பேர் பண்றதுக்குள்ள போயிரணும்."

ஆவணப்படத்தின் நாயகி முத்தாயி அக்கா. அவர் மகள் ராகினி பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். பச்சைப் பிள்ளையின் துணி மூட்டையாகத் துவைக்காமல் கிடந்தது. அக்காவுக்குத் தண்ணீர் வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் இல்லாமை வேண்டும். இருவருக்கும் இடையே நல்ல ஒத்துழைப்பு நிலவியது.

சனிக்கிழமை, வாசலில் காலி வாளிகளை வரிசையாக வைத்துப் படம் பிடித்தோம்.

"ஆன்ட்டி, கொஞ்சம் அழுங்க" என்றான் லியோனல்.

"காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல தம்பி. கண்ணுல மட்டும் எங்கேர்ந்து லா வரும்?"

கிளிசரின் விட்டோம். பிறகு நான் என் கடமையைச் செய்தேன்.

"அக்கா, நாளைக்கும் இதே கைலி, இதே சட்டை. மாத்திராதீங்க."

"மாத்துறதுக்குத் துவைச்சது ஏது? இதத்தானே போட்டுக்கிட்டுக் கிடக்கேன்."

எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு பட்டறைக்கும் போகாமலே கன்டினியூட்டியில் ஊறிய பெண்மணி அவர்.

மறுநாள், லியோனல் "ரோலிங்" என்று சொன்ன அந்தப் புனித வேளையில் தண்ணீர் லோரி லயத்துக்குள் நுழைந்தது. ஜனங்கள் கையில் கிடைத்த பாத்திரத்தோடு ஓடி வந்தார்கள். ஆபத்து எனக்கு மட்டும்தான் புரிந்தது. நேற்றைய ஷாட்டில் வாளி காலி. இன்று நிறைந்திருந்தால் பார்ப்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

கையை நீட்டி லோரியை மறித்தேன். "கோஸ்தான், கோஸ்தான். பின்னால எடு."

டிரைவர் காந்தன் தலையை நீட்டினான். "அண்ணே, தண்ணி ஊத்தணும்."

"இப்ப முடியாது. அடுத்த ஏரியாவுக்குப் போ. இங்க முடிஞ்சதும் கூப்பிடுறோம்."

அவன் என் ஜாக்கெட்டையும் வாக்கி-டாக்கியையும் பார்த்தான். நம் ஊரில் இவை இரண்டும் இருந்தால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. "ஓகே பாஸ்" என்று லோரியைத் திருப்பினான்.

"ஐயோ, போகாத தம்பி, பிள்ள துணி கிடக்கு" என்று முத்தாயி அக்கா வாளியோடு லோரியின் பின்னால் ஓடினார். அவர் பின்னால் லியோனல் கேமராவோடு ஓடினான். படத்தின் ஆகச் சிறந்த ஷாட் அதுதான். லோரி ஃபிரேமுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டது அடியேன்.

லோரி மறுபடி புதன்கிழமைதான் வந்தது. அதற்குள் பிள்ளைக்குத் தொடையெல்லாம் புண்ணாகி, ராகினி கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். நல்லவேளை, அதற்கு முன்பே படப்பிடிப்பு முடிந்திருந்தது.

குறும்பட விழாவில் எங்களுக்கு முதல் பரிசு. "ஒரு வாளியில்கூட ஒரு சொட்டு இல்லை. என்ன ஒரு கன்டினியூட்டி" என்று நடுவர் உருகினார். நான் முன்வரிசையில் எழுந்து நின்று நாலாபுறமும் கும்பிட்டேன். விழா ஃபேஸ்புக்கில் நேரலை; மேடைத் திரையிலும் அதுவே ஓடியது. என் மாமனார் வீடு உட்பட எல்லோரையும் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

பிறகு நாயகியிடம் மைக்கைக் கொடுத்து, இரண்டு வார்த்தை வாழ்த்தச் சொன்னார்கள்.

"படம் நல்லா இருக்கு" என்றார் முத்தாயி அக்கா. "நான் ஓடுறது நல்லாவே தெரியுது. எதுக்குப் பின்னால ஓடுனேன்னுதான் தெரியல. தண்ணி லோரி பின்னால ஓடுனேன். அதத் திருப்பி அனுப்புன ஆளு படத்துல இல்ல. இங்கதான் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. அந்தக் கேமராவ இப்படித் திருப்புப்பா."

கேமரா திரும்பியது. மேடைத் திரை முழுவதும் என் முகம், குளோசப்பில். "கட் சொல்லு லா, கட் சொல்லு" என்று லியோனலிடம் கெஞ்சினேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

நேரலையில் 'கட்' கிடையாது. போன மாதம் புது உறுப்பினர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியதே நான்தான்.